சாயாத கோடு

இரவு பதினொன்றே முக்கால். காலாப்பட்டு.
ஆய்வகத்தில் நானும் குளிர்பெட்டியின் உறுமலும்.
பகலில் இந்தக் கருவிக்கு வரிசை நிற்கும்.
எனக்கு வாய்ப்பது
கல்லீரல் விழிக்கிற நேரம்.

நிஜமாகவே அப்படித்தான்.
ஊர் அடங்கியபின் கொழுப்பு காய்ச்சத் தொடங்குகிறது உடம்பு,
கடலூர் சிப்காட் மாதிரி, நைட் ஷிப்டில்.
அந்த வேலைக்கு ஒரு நொதி.
அதன் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல
எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே
துண்டு வீசி இடம் பிடிப்பார்களே,
மருந்து செய்வதும் அவ்வளவுதான்.
நொதியின் மடியில் உட்கார வேண்டியது
நின்றுகொண்டே வரும். கொழுப்பு குறையும்.
எந்தச் செடியிடம் அந்தத் துண்டு இருக்கிறது?
முருங்கையில் தேடினேன், வெந்தயத்தில், ஆவாரையில்.
நாலு வருஷம். அப்புறம்
பிச்சாவரத்துச் சுரபுன்னை.

துடுப்பு போட்டவர் கிள்ளை வீரபுத்திரன்.
கிளையை வளைத்துப் பிடித்தபடி கேட்டார்,
"என்னத்துக்கும்மா இந்தத் தழ?"
கொழுப்புக்கு என்றேன். ஒற்றைச் சொல்.
மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.
இருநூற்று அறுபத்தெட்டு.

மூன்றாம் முறை போனபோது
அவர் வாயோரம் பச்சைச் சாறு.
"யுனிவர்சிட்டியே படகு புடிச்சு வந்து பறிக்குதுன்னா
சும்மாவா? மாத்திரைய நிறுத்திட்டேன்."
நான் ஏதோ சொன்னேன்.
துடுப்புச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று
இப்போது சொல்லிக்கொள்கிறேன்.
துடுப்புக்கு ஏது அவ்வளவு சத்தம்?

சின்னக் குழிக்குள் நொதி, அதன் இரை,
ஒரு துளி இலைச்சாறு.
கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கே போகிறது.
நொதி உழைத்தால் திரையில் கோடு சாயும்.

சாயவில்லை.
ஐந்து நிமிடம். பத்து.
அலையில்லாத உப்பங்கழி போலக் கிடந்தது.
எதுவுமே நடக்காததைப் பார்த்து
யாராவது இப்படி அழுதிருப்பார்களா?

போனை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

காலையில் வாழைப்பூ ஆய்ந்த விரல்,
கறை இன்னும் போகவில்லை.
துவர்ப்பு.
நாக்கில் பட்டால் நாக்கைச் சுருட்டும்,
தோலில் பட்டால் தோலை இறுக்கும்.
இந்த நொதியா அந்த நொதியா என்று
அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது.
சீட்டில் துண்டு போட வந்ததல்ல அது,
பஸ்ஸையே கயிறு கட்டி நிறுத்த வந்தது.

துவர்ப்பை உறிஞ்சும் வெள்ளைப் பொடி
மூன்றாம் தட்டில் இருக்கிறது. எப்போதும் இருந்தது.
கலக்கினேன். சுழற்றினேன்.
மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தேன்.
மறுபடியும் குழி, மறுபடியும் ஒளி.

கோடு சாய்ந்தது.
அவசரமே இல்லாமல்,
ஆற்றுநீர் முகத்துவாரம் இறங்குகிற மாதிரி.
மீந்த தடை பதினொரு சதவீதம்.
என் அளவையின் பிழையே ஒன்பது.

சுரபுன்னைமேல் கோபமில்லை.
புழு கடிக்காமலிருக்க அது சேர்த்த கசப்பு.
நம் ரத்தக்குழாய்களைப் பற்றி
அது கேள்விப்பட்டதே இல்லை.
அதன் பேரைச் சொல்லிப்
படகேறியது நான்.

மூன்றே கால்.
நண்டு வலை எடுக்க எழுந்திருப்பார்.
ரிங் போகிறது. பின்னால் தண்ணீர்.
"நல்ல சேதியாம்மா?"

"மாத்திரை எங்க வச்சிருக்கீங்க?"

வெகுநேரம் தண்ணீர் மட்டும்.
"கூரையில சொருகிக் கெடக்கு."

"திரும்பிப் போய் எடுங்க.
நான் லைன்லயே இருக்கேன்."